அனுமதியற்ற நபரும் கடம்பூர் போளியும்

1

கோவில்பட்டியில் தான் குடியிருக்கும் வீட்டில், தான் பெற்ற மகள் உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்த என் தங்கச்சி சண்முகக்கனியை, கனடாவில் இருக்கும் ஒரு கல்லூரி ‘அனுமதியற்ற நபர்’ என்று எழுதியிருந்தது. அந்த மின்னஞ்சலை அவள் மகள் மாரிச்செல்வி எனக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி போட்டிருந்தாள்: ‘மாமா, இத அம்மாட்ட எப்படிச் சொல்ல?’

நான் அப்போது ரெஜைனாவில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ரெஜைனா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கனடாவின் நட்டநடுவில், சஸ்காட்சுவான் மாகாணத்தில். “டொராண்டோவுக்குப் பக்கமா?” என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். கோவில்பட்டி காசிக்குப் பக்கமா என்று கேட்பது போலத்தான் அது. இங்கே வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் ஆகிறது. இங்கேயும் கரிசல் மண்தான். கோடையில் வெடிப்பு விடும், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் வருடத்தில் பாதி நாள் அதைப் பனி மூடியிருப்பதால், ஊர் ஞாபகம் வந்து உருகுவதற்கு எனக்கு அதிகம் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

மின்னஞ்சலில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. தேர்வு நடக்கும்போது அனுமதியற்ற நபர் ஒருவர் அறைக்குள் வந்தார். அவர் அடையாளம் தெரியாத ஒருவருடன் பேசினார். அச்சிட்ட தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஆகவே தேர்வு நிறுத்தப்பட்டது, நேர்மைக் குழு விசாரித்து முடிக்கும்வரை சான்றிதழ் கிடையாது.

சான்றிதழ் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் மாரிச்செல்விக்குக் கணக்குப் பிரிவில் வேலை தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி தாண்டினால் வேலை வேறு ஆளுக்கு, மாரிச்செல்வி விளாத்திகுளத்து மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வீட்டாரும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை.

2

நாங்கள் நாகலாபுரம் பக்கத்துக்காரர்கள். ஆடு மேய்ப்பும் மானாவாரி வெள்ளாமையும் எங்கள் பிழைப்பு. மச்சான் இன்னும் செம்மறிகளோடு அங்கேதான் இருக்கிறார். மகள் படிப்புக்காகத் தங்கச்சி கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்தாள். பி.காம். முடித்ததும் மேலே என்ன படிக்கலாம் என்று மாரிச்செல்வி என்னிடம் கேட்டாள். ‘வெளிநாட்டுச் சான்றிதழ், உலகத் தரம், வீட்டில் இருந்தபடியே’ என்று ஒரு விளம்பரத்தில் பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன். வெளிநாட்டில் இருப்பவன் விசாரித்துத்தான் சொல்வான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கும் மனம் வருவதில்லை.

படிப்பு, கணக்கியல். பாடம் நடத்துபவர் எந்தக் காலத்திலோ பதிவு செய்யப்பட்ட ஒரு பேராசிரியர். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், “கேள்வி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். இரண்டு நொடி காத்திருப்பார். “அருமை, மேலே போவோம்” என்பார். முதல் வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கச்சி மகளைக் கடிந்திருக்கிறாள்.

“ஏட்டி, அவ்வளவு மரியாதையாக் கேக்குதாரு. வாயத் தொறந்து எதையாவது கேளேன்.”

“அது வீடியோம்மா.”

“இருக்கட்டுமே. கேக்குத மனுசன் முகத்தப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி இருந்தா என்ன நினைப்பாரு?”

பாடத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் பனிச்சறுக்கு விடுதி ஒன்றைப் பற்றியவை. விடுதிக்குச் செயற்கைப் பனி தயாரிக்கும் இயந்திரம் உண்டு. அதற்குத் தேய்மானம் போடவேண்டும். சித்திரை வெயிலில், மின்வெட்டில், விசிறி மட்டையோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்ட மாரிச்செல்வி எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, பனி அங்கன சும்மாவே கொட்டுதுன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு மிஷின் வச்சுச் செய்யுதாவ?”

பனி பெய்யும் நாட்டில் ஒன்பது வருடமாக இருக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. “நீ தேய்மானத்த மட்டும் போடு, செல்வி” என்றேன்.

இன்னொரு நாள் அவளுக்கு ஒரு நல்ல சந்தேகம் வந்தது. அவள் அப்பாவின் ஆட்டுக் கிடையில் பிறக்கும் குட்டியைக் கணக்கில் விற்பனைச் சரக்கு என்று எழுதுவதா, சொத்து என்று எழுதுவதா? மாணவர்களுக்கான விவாதப் பக்கத்தில் அதைப் போட்டாள். ‘மிகச் சிறந்த கேள்வி! பகிர்ந்ததற்கு நன்றி!’ என்று உடனே பதில் வந்தது. வேறு யார் என்ன கேட்டிருந்தாலும் கீழே அதே பதில்தான் இருந்தது. கடைசியில் அவளே எங்கெங்கோ தேடிப் படித்து விடையைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். அவள் நன்றாகப் படித்தாள். கல்லூரியில் ‘சார், இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்கக் கூச்சப்பட்டவள், இந்த வீடியோ வாத்தியாரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அவரும் ஒரு நாளும் கோபப்படவில்லை. பிறந்ததிலிருந்து இவ்வளவு பொறுமையான வாத்தியாரைத் தான் பார்த்ததில்லை என்றாள்.

3

இங்கே இணையவழிக் கல்வி எப்படி நடக்கிறது என்பதையும் சொன்னால்தான் நியாயம்.

குளிர் அளவு மீறினால் என் மகள் கயலின் பள்ளி இணையத்துக்குப் போய்விடும். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அப்படி ஒரு நாள் காலையில் அவள் அறைக்குப் போனேன். மடிக்கணினித் திரையில் கயல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆசிரியை சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டிலில் இன்னொரு கயல் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தான் தலையாட்டுவதைப் பதிவு செய்து அதையே ஓட விட்டிருக்கிறாள்.

எழுப்பித் திட்டினேன்.

“அப்பா, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. டீச்சரும் ரெக்கார்டிங்கா இருக்கலாம்” என்றாள் போர்வைக்குள் இருந்தபடியே.

சாயங்காலம் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. உங்கள் மகள் இன்று மிகுந்த ஈடுபாட்டோடு பங்கேற்றாள் என்று பாராட்டியிருந்தார்கள். என் மனைவி மருத்துவமனை வேலை முடிந்து வந்து அதைப் படித்து மகிழ்ந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் என் அலுவலகத்தில் கட்டாயமாக்கியிருந்த இணையப் பாதுகாப்புப் பயிற்சியை, சத்தத்தை நிறுத்திவிட்டு, தோசை சுட்டபடியே நான் முடித்திருந்தேன். நடுநடுவே வந்து ‘அடுத்து’ என்பதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பாடம். திறமையாகப் பயின்றதற்காக எனக்கும் ஒரு சான்றிதழ் வந்தது.

நாங்கள் இருவரும் இப்படித் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான், ஒழுங்காகப் படித்த மாரிச்செல்வி முறைகேட்டில் மாட்டினாள்.

4

கடைசித் தேர்வு வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் விதிமுறைகள் ஒரு கட்டு. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சுவரில் எழுத்து இருக்கக் கூடாது. கண் திரையை விட்டு விலகக் கூடாது. தேர்வு முழுக்கக் கேமரா வழியாகக் கண்காணிப்பு இருக்கும். இதையெல்லாம் தங்கச்சிக்குப் போனில் விளக்கியவன் நான். கண்காணிப்பு என்றால் யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து பார்ப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

“அந்த ஆபீசரு எந்நேரமும் பாத்துக்கிட்டேவா இருப்பாரு, அண்ணே?”

“ஆமா கனி. மூணு மணி நேரமும்.”

“நடுவுல எந்திரிச்சுப் போகமாட்டாரா?”

“மாட்டாரு.”

“அப்ப காப்பித்தண்ணி?”

“அது அவிய பாடு. நீ உள்ள போகாம இரு, அது போதும்.”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன். அவளுக்கு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

தேர்வு நாளில் வீட்டைக் கழுவித் துடைத்திருக்கிறாள். திரைச்சீலையை மாற்றியிருக்கிறாள். சுவரில் எழுத்து கூடாது என்பதால் முருகன் படம் போட்ட மாதக் காலண்டரைக் கழற்றி, சாமியிடம் காரணத்தைச் சொல்லி, பீரோவுக்குள் வைத்திருக்கிறாள். தானும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கேமரா முன்னால் வரவே கூடாதவளுக்கு நல்ல சேலை எதற்கு என்று மாரிச்செல்வியாவது கேட்டிருக்கலாம். அவள் படிப்பில் மும்முரமாக இருந்தாள்.

இரண்டு மணி நேரம் அடுப்படியிலேயே இருந்து பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு மனிதர் இவ்வளவு நேரமாகத் தன் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டு இருக்கிறார். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. டம்ளரில் காப்பியும், அன்று காலையில் கடம்பூரிலிருந்து வாங்கி வரச்செய்த போளியுமாக உள்ளே போனாள். போளி, கடையில் கட்டிக்கொடுத்த தினசரித்தாளோடு அப்படியே இருந்தது. கல்லூரி சொன்ன ‘அச்சிட்ட தாள்’ அதுதான்.

மடிக்கணினிக்கு முன்னால் இரண்டையும் வைத்துக் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு, “சார், பிள்ள பாட்டுக்கு எழுதட்டும். நீங்க எடுத்துக்கிடுங்க. அங்கன இருந்து எடுக்க முடியாதுன்னு தெரியும், ஆனா வீட்டுக்கு வந்தவியளுக்கு வைக்கணும்லா” என்றிருக்கிறாள். மாரிச்செல்வி வாயைத் திறக்க முடியாமல், கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாமல், மேசைக்கு அடியில் கையால் ‘போ, போ’ என்று காட்டியிருக்கிறாள். கேமராவில் கை தெரியாமல் போனதும் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது. திரை சிவந்தது. தேர்வு மூடிக்கொண்டது.

நான் போனில் கத்தினேன். “யாரும் உள்ள போகக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?”

“பிட்டு குடுக்கத்தான அண்ணே போகக்கூடாது? நான் பிள்ளகிட்ட ஒரு வார்த்த பேசல. அவளுக்குக் காப்பி கூடக் குடுக்கல. அவருக்குத்தான வச்சேன்.”

பிறகு அவளே குரல் உடைந்து, “எம்பிள்ள வாழ்க்கைல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனா?” என்று கேட்டாள். “அப்பீல் போட்டுப் பாப்போம் கனி” என்றேன்.

நடந்ததை எல்லாம் கயலிடம் சொன்னேன். அவள் உடனே போனை வாங்கி, “அத்தை, நீங்க ரொம்ப இனிப்பு” என்றாள். நல்ல மனசு என்பதை இங்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் தமிழில் சொல்கிறார்கள். தங்கச்சி பிறகு என்னிடம் தனியாக, “எனக்குச் சர்க்கரை இருக்கதப் பிள்ளகிட்டல்லாம் ஏன் சொல்லுத?” என்று வருத்தப்பட்டாள்.

5

மேல்முறையீடு செய்யக் கல்லூரியின் இணையப் பக்கத்துக்குப் போனேன். அங்கே உதவுவதற்கு ஓர் உரையாடல் பெட்டி இருந்தது. தேர்வு அறைக்குள் வந்தது யார் என்று கேட்டது. நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள்: இன்னொரு மாணவர், கட்டணம் பெற்று உதவுபவர், பராமரிப்பு ஊழியர், செல்லப்பிராணி. அம்மா இல்லை. செல்லப்பிராணி என்றால் மன்னிப்புத் தானாகவே கிடைக்கும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. என் தங்கச்சி பூனையாக நுழைந்திருந்தால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் தொலைபேசியில் ஒரு மனிதரைப் பிடித்தேன். தேர்வு அறைக்குள் வந்தவர் தாய்தான் என்பதற்கு அவர் சான்று கேட்டார். குடும்ப அட்டையை மொழிபெயர்த்து அனுப்பினோம். தாய், மகள் இருவரின் குடும்பப் பெயர்களும் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அது அப்பாவின் பெயர், அம்மாவுக்கு அவள் கணவர் பெயர், அதில் ஒன்றில் இனிஷியல், ஒன்றில் முழுப்பெயர் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே அவர்கள் தாயும் மகளும்தானா என்று சந்தேகமாகிவிட்டது.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. விளாத்திகுளத்திலிருந்து ஒருமுறை வந்து, நல்ல நாள் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சான் எனக்குப் போன் செய்து, ஆடுகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஒரு வழியாக விசாரணைக்கு அழைத்தார்கள். அதுவும் இணையத்தில்தான். கோவில்பட்டியில் சாயங்காலம், எனக்கு விடிகாலை. நேர்மைக் குழுவின் தலைவியாக நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்தார், கூட ஓர் அலுவலர். மாரிச்செல்வியும் தங்கச்சியும் ஒரே திரையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இந்தமுறை சாட்சி என்பதால் தங்கச்சிக்கு அனுமதி இருந்தது. மொழிபெயர்ப்பாளன் நான்.

“தேர்வின்போது நீங்கள் யாருடன் பேசினீர்கள்?” என்றார் தலைவி.

தங்கச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. “இவியகூடத்தான். இவிய இல்லன்னா இவிய ஆபீஸ்ல பாத்துக்கிட்டிருந்தாவள்லா, அவியகூட” என்றாள்.

மொழிபெயர்த்தேன். தலைவியும் அலுவலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைவி நிதானமாக விளக்கினார். அந்த நேரத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்தது ஒரு மென்பொருள். முகத்தையும் கண்ணையும் சத்தத்தையும் அதுவே கணக்கிடும், சந்தேகம் வந்தால் அதுவே தேர்வை மூடும்.

எனக்கும் அது புதுச் செய்தி என்பதால் தமிழில் சொல்லக் கொஞ்சம் தடுமாறினேன். தங்கச்சி முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அண்ணே, நல்லாக் கேட்டுச் சொல்லு. அங்கன ஆளே இல்லையா?”

“இல்ல கனி.”

“ஆளே இல்லாமலா எம்பிள்ள மேல சந்தேகப்பட்டாவ?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவி உடனே தன் ஒலிவாங்கியை அணைத்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது தெரிந்தது, கேட்கவில்லை.

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. முறைகேடு இல்லை. ‘கலாச்சாரச் சூழலைக் கருத்தில் கொண்டு’ மறுதேர்வு எழுதலாம். இந்தமுறை மென்பொருள் அல்ல, உயிருள்ள ஒரு மனிதர் கண்காணிப்பார். என் தங்கச்சி அனுமதியற்ற நபரிலிருந்து கலாச்சாரச் சூழலாக உயர்வு பெற்றிருந்தாள்.

6

மறுதேர்வுக்கு மச்சானே கிடையை வேறு ஆள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டார். தங்கச்சியை மூன்று தெரு தள்ளித் தெரிந்தவர் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, வாசல் கேட்டில் கம்போடு நின்றிருக்கிறார். கேஸ் சிலிண்டர்காரரைத் திருப்பி அனுப்பினார். மீட்டர் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தச் சித்தப்பாவைப் பத்திரிகையோடு திருப்பி அனுப்பினார். சித்தப்பா வீட்டார் இன்றுவரை பேசுவதில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் யாரும் போகவும் முடியவில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன்: தேறிவிட்டாள், நல்ல மதிப்பெண். மாதக் கடைசிக்கு முன்பே சான்றிதழ் வந்தது. இப்போது தினமும் காலையில் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுகிறாள். விளாத்திகுளத்து மாப்பிள்ளைக்கும் வேறிடத்தில் பெண் அமைந்துவிட்டது.

ஆனால் மறுதேர்வு முடிந்த கொஞ்ச நேரத்தில், முடிவெல்லாம் தெரியும் முன்பே, மாரிச்செல்வி என்னை அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். சித்தப்பா பின்வாசல் வழியாக வந்துவிட்டாரோ என்று கேட்டேன்.

“இல்ல மாமா. நல்லாத்தான் எழுதிருக்கேன்.”

“அப்புறம் ஏன் அழுத?”

“பாத்துக்கிட்டிருந்தது ஒரு அக்கா மாமா. எழுதி முடிச்சு எல்லாத்தையும் அனுப்புனதும், ‘நல்லா எழுதுனீங்களா மாரிச்செல்வி’ன்னு இங்கிலீஷ்ல கேட்டாவ.”

“கேட்டா நல்லதுதான?”

“ரெண்டு வருசமாப் படிக்கேன் மாமா. அங்கன இருந்து எம்பேரச் சொல்லிப் பேசுன முத ஆளு அவியதான்.”

“நீ என்ன சொன்ன?”

“நல்லா எழுதிருக்கேன்னு சொல்லணும்னுதான் மாமா நினைச்சேன். அதுக்குள்ள அடுத்துப் பரீட்சை எழுதுத பிள்ள வந்துட்டு, அவிய போயிட்டாவ.”